ஓநாய்க் கணவாய் மூடப்பட்டது

சாயங்காலம் நாலு நாற்பது. அந்த ஊர்க்காரங்க வாயால சொன்னா பதினாறு நாற்பது. ஜனவரி மாசம். ஸ்மோல்யன் ஊரை விட்டு மேல ஏறுற மலை ரோடு... முன்னால ஒரு வண்டி இல்ல, பின்னால ஒரு வண்டி இல்ல. பழைய நீவா ஜீப்புல நெவேனா தனியா போயிட்டிருக்கா.

என்கூட வேலை பாக்குறானே கலின், அவனோட சொந்த அக்காதான் இந்த நெவேனா. கதையை அவன் ஒரே தடவைதான் சொன்னான். ரெண்டாவது தடவை கேட்டப்போ எழுந்து போயிட்டான். மிலேனா, அந்தக் கதவை நல்லா சாத்து. கதை கேக்க வந்தவங்க சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சு முடிச்சுக்குங்க.

எந்தக் கணவாய் திறந்திருக்கு, எது மூடியிருக்குன்னு காட்டுற வெப்சைட்டை ஜாவாஸ்கிரிப்ட்ல எழுதினது நெவேனாதான். லாரிக்காரன், பஸ்காரன், கல்யாணத்துக்குப் போறவன்... எல்லாரும் அதைப் பாத்துட்டுத்தான் கிளம்புவாங்க. பனி தள்ளுற வண்டி ஓட்டுறவங்க ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு கருவி. பனி அதிகமானா 'மூடு'ன்னு அழுத்தணும். அவங்கவங்களுக்குன்னு ஒரு ரகசியச் சாவி, அதாவது ஒரு ரகசிய எண், அதுக்குள்ள இருக்கும். ஒருத்தர் பேர்ல இன்னொருத்தர் அழுத்த முடியாது. நெவேனாவே நினைச்சாலும் முடியாது.

மலையில சிக்னல் நொண்டும். அதனால ஒரு தடவை வந்த பதிலை எடுத்து வெச்சுக்கிட்டு, கேக்குறவங்களுக்கெல்லாம் அதையே காட்டுற மாதிரி செஞ்சிருந்தா. கேஷ்னு சொல்லுவாங்க. பல்லைக் காட்டாதே போரிஸ், பணம் இல்ல, இந்தக் கேஷ் வேற. ஒரு நிமிஷம் பழைய பதில், அப்புறம் போய்ப் புதுசு கேட்டு வாங்கணும். அதுதான் அவ கணக்கு.

மூணு வாரம் முன்னால ஓநாய்க் கணவாயில பனி சரிஞ்சு ரெண்டு பேரை அடிச்சுக்கிட்டுப் போச்சு. ஒருத்தர் மின்கோ, பனி தள்ளுற வண்டிக்காரர். இன்னொருத்தன் வெலிகோ, ரொட்டி வேன் ஓட்டுற சின்னப் பையன். மின்கோ தன் வண்டியை ரோட்டுக்குக் குறுக்கால நிறுத்தியிருந்தார். தாண்ட முடியாம வேன் நின்னுச்சு. அந்நேரம் பாத்து மேலருந்து எல்லாம் இறங்கிடுச்சு.

ஊர் என்ன பேசுச்சு? 'குடிச்சுட்டுக் குறுக்கால நிறுத்தித் தூங்கிட்டான், சின்னப் பையனையும் சேத்துக் கொன்னுட்டான்.' அவர் 'மூடு'ன்னு அழுத்தவே இல்லையாம். வெப்சைட் அன்னைக்குப் பூரா 'திறந்திருக்கு'ன்னுதான் காட்டுச்சு. அவர் பொண்டாட்டி கின்கா, அந்த ஊர் வழக்கப்படி, மரண அறிவிப்பை வீட்டுக் கதவுலயும் பஸ் ஸ்டாப்புலயும் ஒட்டினா. மறுநாள் எவனோ மின்கோவோட போட்டோ மேல 'கொலைகாரன்'னு எழுதி வெச்சிருந்தான்.

அந்த ரெண்டு சாவு பத்தின விசாரணைக்கு முந்தின நாள் நெவேனாவோட முதலாளி ஸ்டாமென் ஒரு தாளை நீட்டினார்.

"வெப்சைட்ல கோளாறு எதுவும் இல்லன்னு கையெழுத்துப் போடு."

"அன்னைக்கு யார் எப்போ அழுத்தினாங்கங்கிற பதிவு எங்கே?"

"தவறுதலா அழிஞ்சு போச்சு."

"அதெப்படி, அந்த ஒரு நாள் மட்டும் பாத்து அழியுது?"

"நீ எழுதினதை நீயே நம்ப மாட்டியா? அந்த மின்கோ என்ன, எழுந்து வந்து பேசப் போறானா?"

அது அவளுக்குச் சுருக்குன்னு தைச்சுது. தாளை அவரோட காபிக் கோப்பை மேல கவுத்துட்டு வெளிய வந்துட்டா. கணவாய் உச்சியில ஒரு குடில் இருக்கு. அதுல ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. அந்த மலையில போற வர்ற செய்தி எல்லாத்துக்கும் ஒரு நகல் அதுல தங்கும். ஸ்டாமென் போய் அதையும் 'தவறுதலா' அழிக்கிறதுக்கு முன்னால எடுத்துடணும்.

அதுக்குத்தான் அந்த நாலு நாற்பது பயணம்.

ஏழாவது வளைவுல போன் 'டிங்'னு அடிச்சுது. பாத்தா... 'ஓநாய்க் கணவாய் மூடப்பட்டது.' அழுத்தினவர் பேர், மின்கோ. நேரம், இப்போ.

அந்தக் கருவி அவரோடயே பள்ளத்துல கிடக்கு. இன்னும் யாரும் எடுக்கல.

அடுத்த வளைவு... டிங். மறுபடி மின்கோ. அடுத்தது... டிங். திடீர்னு ஜீப்புக்குள்ள டீசல் வாடை, கூடவே ஈரக் கம்பளி வாடை. முன்னால, அந்த மூட்டத்துக்குள்ள ஒரு சத்தம். கர்ர்ர்... கர்ர்ர்... இரும்புத் தகடு தார் ரோட்டைச் சுரண்டுற சத்தம். வெளிச்சம் மட்டும் இல்ல.

வேற யாரா இருந்தாலும் வண்டியைத் திருப்பியிருப்பாங்க. நான் திருப்பியிருப்பேன். அவ கண்ணாடியை இறக்கிக் கத்தினா. "மின்கோ அண்ணே! உன் பேரைக் காப்பாத்தத்தான் வர்றேன். பூச்சாண்டி காட்டாம வழியை விடு!"

சத்தம் நின்னுச்சு. அவ கியரை மாத்தி ஏறிட்டே இருந்தா.

குடிலுக்கு மூணு வாரமா கரண்ட் இல்ல. பெட்டியை உயிர்ப்பிக்க அவ ஒரு பேட்டரியைத் தூக்கிட்டு வந்திருந்தா. தேவைப்படல. பெட்டி ஓடிட்டிருந்துச்சு... தொட்டா வெதுவெதுன்னு இருந்துச்சு.

மடிக்கணினியைச் சொருகிப் படிச்சா. அன்னைக்கு மின்கோ 'மூடு'ன்னு அழுத்தியிருக்கார். ஒரு தடவை இல்ல, பதினோரு தடவை. ஒவ்வொரு தடவையும் அழுத்திட்டு வெப்சைட்டைத் திறந்து பாத்திருக்கார். ஒவ்வொரு தடவையும் அது 'திறந்திருக்கு'ன்னு பழைய பதிலையே எடுத்துக் காட்டியிருக்கு. பதினோராவது தடவைக்கு அப்புறம் அவருக்கு வேற வழி இல்ல. வண்டியையே குறுக்கால போட்டு ரோட்டை மறிச்சிருக்கார்.

ஏன் பழைய பதில்? அதையும் பெட்டி காட்டுச்சு. பதிலை எவ்வளவு நேரம் வெச்சுக்கணும்ங்கிற இடத்துல ஒரு எண். அறுபதாயிரம். ஜாவாஸ்கிரிப்ட்ல நேரத்தை மில்லி செகண்டுல எழுதிப் பழகின கை. அந்தக் கணக்குல அது ஒரு நிமிஷம். ஆனா அந்த இடம் செகண்டைத்தான் கேக்கும். அறுபதாயிரம் செகண்டுன்னா... பதினாறு மணி நாற்பது நிமிஷம்.

எழுதினவங்க பேரும் பக்கத்துலயே இருந்துச்சு. நெவேனா.

அவ அந்தப் பேரையே இன்னொரு தடவை படிச்சா. இதை அழிச்சுட்டா யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு பொத்தான். வெளியே... கர்ர்ர்... சத்தம் குடிலைச் சுத்தி வந்துச்சு. ஒரு சுத்து. ரெண்டு சுத்து. கதவுக்கு நேரா நின்னுச்சு. தாழ்ப்பாள் தானா மேல எழும்பிச்சு.

அழுதுக்கிட்டே எழுந்து நின்னா. ஓடல.

"தப்பு என்னோடதுதான் அண்ணே! நாளைக்கு எல்லார் முன்னாலயும் நானே சொல்லுவேன். கொல்லணும்னா கொல்லு. ஆனா நானும் போயிட்டா, நீ குடிகாரன் இல்லன்னு சொல்ல ஒரு ஆள் இருக்காது. யோசிச்சுக்கோ!"

தாழ்ப்பாள் மெதுவா இறங்கிச்சு.

நகலை எடுத்துக்கிட்டு வெளிய வந்தா. முழங்கால் வரைக்கும் பனி கொட்டியிருந்துச்சு. ஆனா குடில் வாசல்லருந்து ஊர் எல்லை வரைக்கும், ஒரு வண்டி போற அகலத்துக்கு... கறுப்பா, சுத்தமா, பனி தள்ளின ரோடு கிடந்துச்சு.

மறுநாள் விசாரணையில அவ சுத்தி வளைக்கல. "மின்கோ பதினோரு தடவை சொன்னார். நான் எழுதினது பதினோரு தடவையும் அவரைப் பொய்யனாக்கிடுச்சு. குற்றவாளி வேணும்னா இதோ நிக்கிறேன்." ஸ்டாமென், இதெல்லாம் இவளே ஜோடிச்சதுன்னு குதிச்சார். மின்கோவோட சாவி இல்லாம அப்படி ஒரு பதிவை உலகத்துல யாராலயும் செய்ய முடியாதுன்னு விசாரணை அதிகாரிக்கே தெரியும். கின்கா எழுந்து வந்து நெவேனாவை ஓங்கி ஒரு அறை விட்டா... அப்புறம் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. சாயங்காலமே பஸ் ஸ்டாப்புல மின்கோவுக்குப் புது அறிவிப்பு ஒட்டினாங்க. அதுல யாரும் கிறுக்கல.

வேலை போகப் போகுதுன்னு நெவேனாவுக்குத் தெரியும். அறுபதாயிரத்தை அழிச்சுட்டு அறுபதுன்னு போட்டா. அதிகாரி சொன்னார், "போறதுக்கு முன்னால இன்னொரு வேலை. இறந்தவர் சாவியை ரத்து பண்ணிடு. அதுதான் விதி."

"பண்ண மாட்டேன்."

"ஏன்?"

"அவர் வேலையை விட்டுட்டார்னு உங்களுக்கு யார் சொன்னது?"

அவளை வெளிய அனுப்பிட்டு, இன்னொரு ஆளை வெச்சு அன்னைக்கே ரத்து பண்ணிட்டாங்க. இனிமே மின்கோ பேர்ல ஒரு செய்தியும் உள்ள வராது. வழியே கிடையாது.

நாலாம் நாள் மறுபடி பனி. வீட்டுல உக்காந்திருந்த நெவேனா போனைத் திறந்தா. 'ஓநாய்க் கணவாய் மூடப்பட்டது.' நேரம், இப்போ. பேரைப் பாத்தா... மின்கோ இல்ல.

வெலிகோ.

மின்கோகூடவே பனியில போன ரொட்டி வேன் பையன். அவன் கையில எந்தக் கருவியும் இருந்ததில்ல. அவனுக்கு யாரும் சாவியே கொடுக்கல. ஆனா பேருக்குக் கீழ, பச்சை எழுத்துல...

'சாவி சரிபார்க்கப்பட்டது.'