பரணில் இருந்த குழாயை வயலுக்கு இறக்கிய மேரியக்காவுக்கு

அன்பில் அன்னையே! உழைப்பில் எறும்பே! ஆனையூர் அலுவலகத்தின் ஆணிவேரே! எங்கள் கள ஒருங்கிணைப்பாளர் அற்புதமேரி அக்காவே! வணக்கம், வாழ்த்து, வாய் நிறையச் சிரிப்பு!

வெளிநாட்டு நிதி பெற்று, சிறு விவசாயிகளின் வறுமை குறையப் பாடுபடும் நம் தொண்டு நிறுவனத்தில் இருபத்தாறு ஆண்டுகள் உழைத்தீர்கள். மேலூர்ப் பக்கத்து வரப்பெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. வெயிலுக்கு ஒதுங்கியதில்லை, வேகத்தடைக்கு உங்கள் ஸ்கூட்டி மெதுவானதில்லை. பின்னால் உட்கார்ந்த எங்கள் இடுப்பே சாட்சி!

நிதி தருகிறவர்கள் நேரில் வந்த கதையைச் சொல்லாமல் இம்மடல் நிறையாது. அவர்களுக்குத் திருப்தி என்றால்தான் திட்டம் தொடரும், இல்லையென்றால் அத்தோடு பூட்டு. முந்தின நாள் நாம் போய்ப் பார்த்தால், கொடுத்த சொட்டுநீர்க் குழாய் ஒரு வயலிலும் இல்லை! ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டோடு, சுருள் பிரிக்காமல் வீட்டுப் பரண்களில் இருந்தது.

"வெயில்ல கெடந்தா வீணாப் போயிராதா? எலி கடிச்சா ஒரு சாமான் வாங்க மதுரைச் சிம்மக்கல்லுக்குல்ல ஓடணும்? அதான் பத்தரமா வச்சிருக்கோம்" என்றார் விவசாயி மலையம்மாள், பெருமையாக.

நம் மேலாளர் செல்வக்குமாருக்கு வேர்த்துவிட்டது. "நாளைக்கு ஒருநா மட்டும் விரிச்சுப் போட்டுருவோம்க்கா."

"அவுக கைதட்டிட்டுப் போயிருவாக தம்பி. மறுநா இவுக சுருட்டிருவாக. அப்பறம்?" என்றீர்கள்.

மறுநாள் வந்தவர்களை நேரே மலையம்மாள் வீட்டுப் பரணுக்கே கூட்டிப் போனீர்கள். "குழாயக் குடுத்தோம், கெட்டா சரிபண்ண வழி குடுக்கல. தப்பு நம்ம ரெண்டு பேரு மேலயும்தான்" என்று சொல்லி, நம் அலுவலகத் தங்கை ஆன்சியை மொழிபெயர்க்கச் சொன்னீர்கள். ஆன்சி திக்கித் திக்கிச் சொல்லி முடித்தார். நிதி தருகிறவர்கள் சார்பில் வந்த அம்மையாரோ சந்தனப் பொட்டைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்.

நிதி தொடர்ந்தது. அதிலேயே பெண்களுக்குப் பழுதுபார்க்கும் பயிற்சியும் மேலூரில் உதிரிபாகக் கடையும் வந்தன. பரணிலிருந்து குழாய்கள் இறங்கின. கத்தரியும் வெண்டையும் கோடையிலும் காய்த்தன. அந்தக் கடையை நடத்துபவர் மலையம்மாளேதான்!

இந்த மாதம் நீங்களும் ஓய்வு பெறுகிறீர்கள், அந்த நிதியும் நிறைவடைகிறது. பக்குவமாகச் சொல்லி வரலாம் என்று கடைக்குப் போனோம். வாடிக்கையாளர் கூட்டத்தில் எங்களுக்கு நிற்க இடமில்லை. விஷயத்தைக் கேட்ட மலையம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சந்தோசம். அவுகளுக்கு எங்க நன்றியச் சொல்லிருங்க. இப்பத் தள்ளி நில்லுங்க, யாவாரம் நடக்குதுல்ல!"

அக்கா, ஓய்வு பெறுபவருக்கு இதைவிடப் பெரிய பரிசை எங்களால் வாங்க முடியவில்லை.

ஆண்டவரும் அழகரும் சேர்ந்து காக்க, நோய்நொடி அண்டாமல், நூறு தாண்டி வாழ்க!

மனம் நிறைந்து மாலை சூட்டும்
ஆனையூர் அலுவலகத் தம்பி தங்கைகள்