முப்பது வருடத்து ஊலாங்

டீயைச் சத்தம் போட்டு உறிஞ்சுவது எங்கள் தொழிலில் அநாகரிகம் இல்லை, சார். காற்றோடு சேர்ந்து உள்ளே போனால்தான் வாசனை மூக்கின் பின்பக்கம் ஏறும். நாக்கு வெறும் வாசல்படி, வீடு மூக்குதான். நாற்பது வருடமாக நான் தலைநிமிர்ந்து நடந்தது இந்த மூக்கால்.

என் மச்சினனைப் பற்றிக் கேட்டீர்கள். மனைவியின் தம்பி. ருசி பார்க்கும் அறையில் எனக்குப் பக்கத்து நாற்காலி. பதினெட்டு வருடம் ஒரு மனத்தாங்கல் இல்லாமல்தான் இருந்தோம். இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுத்து எழுந்து வேலைக்குப் போனால், ஆளே மாறியிருந்தான். கோப்பைகளை வரிசையாக வைத்ததும், நான் வாயைத் திறப்பதற்குள் முந்திரிக்கொட்டை மாதிரி, "மாமா, இது லேசா தீஞ்சிருக்குல்ல?" என்பான். "மாமா, இதுல பூ வாசனை தூக்கலா இருக்குல்ல?" என்பான். அவன் சொல்லிவிட்ட பிறகு நான் வேறென்ன எழுதுவது? அதையே எழுதினேன். இரண்டு வருடமாக என் நோட்டில் இருப்பதெல்லாம் அவன் வார்த்தை. எவ்வளவு திமிர் இருந்தால் ஒருத்தன் இப்படிச் செய்வான், நீங்களே சொல்லுங்கள்.

வீட்டிலும் அதே கதைதான். ஒருநாள் பால் அடிப்பிடித்ததற்கு என் மனைவி மொட்டை மாடியிலிருந்து ஓடிவந்து, "பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க, தெரியலையா?" என்று கத்தினாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அக்காவும் தம்பியும் ஒரே அச்சு.

ஜாடி விஷயத்துக்கு வருகிறேன். ஊலாங் என்கிற டீ இலையை வறுத்து, ஜாடியில் அடைத்து, வாயை மெழுகால் மூடி வருடக்கணக்கில் வைத்தால் காட்டம் அடங்கி, காய்ந்த பழத்தின் வாசனை ஏறும். என் மகள் பிறந்த வருடம் நான் அடைத்த ஜாடி அது. முப்பது வருடம். வெளியூரிலிருந்து மூன்று நிபுணர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் ஒத்துக்கொண்டால் ஜாடியின்மேல் என் பெயர் ஏறும். இந்தத் தொழிலில் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். காலையிலேயே மச்சினனிடம் சொல்லிவிட்டேன்: "இன்னைக்கு நீ வாயைத் திறக்கக் கூடாது. நான்தான் முதல்ல."

"மாமா, ஒரே ஒரு தடவை நான் மோந்து பாத்துட்டு..." என்று இழுத்தான்.

"நீ மோந்து பாத்துக் கிழிச்சது போதும்" என்றேன்.

கொதிநீர் ஊற்றி, மூடி, ஐந்து நிமிடம். நிறம் பிரமாதம், கருஞ்சிவப்பு. உறிஞ்சினேன். காய்ந்த பிளம், பழைய மரப்பெட்டி, கடைசியில் தேன் என்று நிதானமாகச் சொன்னேன். பிறகு அவர்கள் உறிஞ்சினார்கள். ஒருவர் உடனே துப்பினார். இன்னொருவர் கைக்குட்டையை எடுத்தார். மூன்றாவது ஒரு அம்மாள். அவள் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. அதை என்னால் மன்னிக்கவே முடியாது. "ஜாடிக்குள்ள தண்ணி இறங்கியிருக்கு. ஈரச் சாக்கு நாத்தம். உங்களுக்குத் தெரியலையா?" என்றாள். மூவரும் மச்சினனைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தான். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னானா? சொல்லவில்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அவர்கள் போனதும் அவன் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வறுக்கும் அறைக்குள் போனான். "சாயங்காலம் வரைக்கும் கரியில மெதுவா வாட்டினா ஈரம் போயிடும், மாமா. காப்பாத்திடலாம்" என்றான். இலைக்கூடையைத் தணல்மேல் வைத்தபடியே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "காய்ச்சல்லேருந்தே உங்களுக்கு வாசனை வர்றதில்ல. எனக்குத் தெரியும். யார்கிட்டயும் சொல்லல. அக்காகிட்டகூட."

பழியைப் பாருங்கள் சார். செய்வதையும் செய்துவிட்டு, அதை எனக்குச் செய்த உபகாரம் என்கிறான்.

மூடிய அறையில் கரித்தணல் ஆளைக் கொல்லும் என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லித் தருவது. அதற்காகத்தான் கூரையில் ஒரு திறப்பு. அதன் மூடியைத் தூக்கிப் பிடித்திருக்கும் கயிறு வெளியே, கதவுக்குப் பக்கத்தில் கட்டியிருக்கும். கயிற்றை அவிழ்த்துவிட்டேன். கதவை வெளிப்பக்கம் தாழிட்டேன். இரண்டும் நான் செய்ததுதான், யாரும் தூண்டிவிடவில்லை. கொஞ்ச நேரம் தட்டினான். "மாமா, இலை தீயுது. தெறங்க மாமா" என்றான். இரண்டு வருடம் அவன் பேச்சைக் கேட்டது போதாதா? ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கதவில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

எதிர்க்கடைத் தையல்காரர்தான் என்னைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தார். அவன் மூச்சு அடங்கி வெகுநேரம் ஆகியிருந்தது. தெருவே கருகல் நாற்றம் என்று, துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்ததாகச் சொல்லியிருக்கிறாராமே. மிகைப்படுத்துகிறார். மூன்று மணி நேரம் அந்தக் கதவோடு உட்கார்ந்திருந்தவன் நான். கருகல் வாடை துளிகூட இல்லை. வந்ததை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் சார்: காய்ந்த பிளம், பழைய மரப்பெட்டி, கடைசியில் தேன்.