நூல் கட்டிய ஜெனரேட்டர்

இரவு பத்தரை இருக்கும். சிங்ஃபோர்டைத் தாண்டி, காட்டை ஒட்டிப் போகிற ஒரு ஒழுங்கை. தெருவிளக்கு இல்லை. ஆள் இல்லை. போனில் சிக்னலும் இல்லை... லண்டனில் இப்படி ஓர் இடம் சும்மா கிடப்பது வீட்டுத் தரகர்களுக்கு இன்னும் தெரியாது போல.

ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு கேற். கேற்றுக்கு உள்ளே புல்வெளி. அதன் மூலையில் ஒரு பழைய வெள்ளை வான். கட்டில், அடுப்பு, மேசை எல்லாம் உள்ளேயே பொருத்திய வகை. என் நண்பன் நிசாந்தனின் சித்தப்பாவுடையது. பரீட்சை முடிந்ததைக் கொண்டாட அதில் நாலு பேர் வந்திருந்தோம். நான், நிசாந்தன், ஜெஸ்ரின், சாருஜா. மழை ஐந்தாவது ஆளாக வந்தது.

கரண்டுக்கு வெளியே ஒரு ஜெனரேட்டர் ஓடியது. டுடுடுடு... டுடுடுடு... பெட்டியில் 'கையில் கொண்டு செல்லக்கூடியது' என்று எழுதியிருந்தது. யாருடைய கை என்று எழுதவில்லை. ஹீட்டரும் லைற்றும் நிசாந்தனின் போனும் அதை நம்பித்தான் இருந்தன.

அதன் சுவிட்சைச் சுற்றி மஞ்சள் நூல். நூலில் காய்ந்து கறுத்த ஒரு தேசிக்காய், கடை வாசலில் கட்டுகிற எலுமிச்சைதான்.

சாப்பாட்டுக்குச் செத்தல் மிளகாய் பொரித்துச் சம்பல் இடித்தோம். எல்லோரும் இருமினோம். கூரையில் ஒட்டியிருந்த புகை அலாரம் மட்டும் இருமவில்லை, கத்தவும் இல்லை. அதன் பற்றரியை நிசாந்தனின் சித்தி எப்போதோ கழற்றி இழுப்பறையில் போட்டுவிட்டார். தாளிக்கும்போது கத்துகிறதாம். லண்டனில் தமிழ் வீட்டைக் கண்டுபிடிக்க வாசலில் மாவிலை தேடத் தேவையில்லை. கூரையைப் பாருங்கள், பற்றரி இல்லாத அலாரம் தெரியும்.

சாப்பிட்ட பிறகு ஜெஸ்ரின் வெளியே போய்விட்டு நனைந்து வந்தான்.

"கேற்றடியில ஒரு வெள்ளைக் கிழவன் நிக்குது. சத்தத்தைக் குறைக்கட்டாம்."

"விவசாயியா இருக்கும். விட்டா எழுப்பிக் கலைச்சுப்போடும்," என்றான் நிசாந்தன்.

நாங்கள் மரியாதை தெரிந்த பிள்ளைகள். வானின் பக்கத்தில் பொருத்தியிருந்த துணிக் கூடாரத்துக்குள், கதவோடு ஒட்ட, ஜெனரேட்டரை இழுத்து வைத்தோம். மேலே ஒரு போர்வை போர்த்தினோம். கூடாரத்து வாசலின் சிப்பை இழுத்து மூடினோம். சத்தம் பாதியானது. கிழவனும் போயிருப்பார் என்று நினைத்தோம்.

பிறகு லைற்றை அணைத்து, ஒரு சின்ன மேசை விளக்கை மட்டும் விட்டு, அந்தத் தேசிக்காயின் கதையை நான் தொடங்கினேன். சாருஜா உடனே கட்டிலில் சரிந்து நித்திரையானாள். என் கதைக்கு அவள் வழக்கமாகத் தரும் மரியாதை அதுதான்.

*

நிசாந்தனின் சித்தப்பா அம்பலவாணன். பிளேஸ்டோவில் கடை வைத்திருக்கிறார். முதலில் டென்மார்க்கில் இருந்தார். அங்கே குளிர் என்று லண்டன் வந்தார். இங்கே மழை என்று, மழைக்குள் போய்ப் படுக்க ஒரு வான் வாங்கினார்.

உண்மையில் ஆசை அவருடையதல்ல, ராஜி சித்தியுடையது. சித்திக்கு நித்திரையில் மூச்சு நின்று நின்று வரும். ஆஸ்பத்திரியில் ஒரு மெஷின் கொடுத்தார்கள். மூக்கில் மாட்டினால் இரவு முழுக்கக் காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கும். அது இல்லாமல் சித்தியை நித்திரை கொள்ள விட்டால் சித்தப்பாவுக்கு நித்திரை இல்லை. மூச்சு நிற்கும்... அவர் எழும்பி உட்காருவார்... மூச்சு வரும்... அவர் படுப்பார். இப்படியே விடியும். அதனால் பிளக் இல்லாத இடத்தில் சித்தி படுத்ததே இல்லை. ஒரு இரவாவது மரத்தடியில் படுக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

வானை விற்றது ஒரு வெள்ளைக்கார அம்மா. புருஷன் செத்துவிட்டாராம். ஜெனரேட்டரையும் கூடவே தந்துவிட்டார். இழுப்பறைக்குள் பாதி முடிந்த ஒரு பெப்பர்மிண்ட் பெட்டியும் கிடந்தது.

முதல் பயணத்துக்கு அவர்கள் வந்தது வேறெங்கும் இல்லை.

"இதே புல்வெளி," என்றேன் குரலைத் தாழ்த்தி.

"டேய், சும்மா இரடா," என்று நிசாந்தன் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டான். கதை அவனுடைய குடும்பத்தில் நடந்தது. பயமும் அவனுக்குத்தான் முதலில்.

அன்றும் மழை. பத்து மணிக்குப் பிறகு சத்தம் கூடாது என்று விவசாயி சொல்லியிருந்தார். சித்தப்பாவும் மரியாதை தெரிந்தவர். ஜெனரேட்டரைக் கூடாரத்துக்குள் இழுத்து, போர்வை போர்த்தி, சிப்பை மூடினார். சித்தி மெஷினை மாட்டிக்கொண்டு படுத்தார். உஸ்ஸ்... உஸ்ஸ்... காற்று சீராகப் போனது. சித்தப்பாவுக்கும் கண் சொருகியது.

டிக்.

ஜெனரேட்டர் நின்றது. மெஷின் நின்றது. இருட்டில் சித்தி 'ஹக்' என்று மூச்சுக்குத் திணறி எழும்பினார்.

சித்தப்பா டோர்ச்சோடு வெளியே போனார். பெற்றோல் இருக்கிறது. வயர் சரி. சுவிட்ச் மட்டும் 'ஓஃப்' பக்கம் திரும்பியிருந்தது. தானாகத் திரும்புகிற சுவிட்ச் இல்லை அது. இறுக்கமானது... பெருவிரல் நோகத் திருப்ப வேண்டும். கயிற்றை இழுத்து மறுபடி ஸ்டார்ட் பண்ணினார். வந்து படுத்தார்.

டிக்.

மறுபடி போனார். மறுபடி 'ஓஃப்'. சுவிட்சைத் தொட்டுப் பார்த்தார். ஈரமாக இருந்தது.

அவருக்கு இப்போது பயத்தைவிடக் கோபம். யாரோ தன் மனுசியின் மூச்சை நிற்பாட்டி விளையாடுகிறான். பொரிக்கிற தாச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு, டோர்ச்சை அணைத்து, ஜெனரேட்டருக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்தார். தலை கனத்தது. நித்திரை இல்லாத தலை என்று நினைத்தார்.

புல்லில் சத்தம் கேட்டது. சளக்... சளக்... வீட்டுக்குள் போடுகிற செருப்போடு ஈரப் புல்லில் யாரோ நடக்கிற மாதிரி. கூடாரத்தின் சிப் திறக்கவில்லை. ஆனாலும் சத்தம் உள்ளே வந்துவிட்டது. பெப்பர்மிண்ட் வாசம். தொண்டையைச் செருமுகிற ஒரு இருமல், அவருடைய காதுக்குப் பக்கத்தில்.

"ஸொறி," என்றது ஒரு வயசான குரல்.

அவர் கண் முன்னாலேயே சுவிட்ச் திரும்பியது. டிக்.

நம்முடைய ஊர்ப் பேய் என்றால் மயிரைப் பிடிக்கும், பெயர் சொல்லிக் கூப்பிடும். இது இங்கிலாந்துப் பேய். அடுத்தவன் பொருளில் கை வைக்க முதல் மன்னிப்புக் கேட்டது.

சித்தப்பா தாச்சியைப் போட்டுவிட்டு உள்ளே பாய்ந்தார். சித்தி குனிந்திருந்து, சாப்பிட்டதெல்லாம் வெளியே வரச் சத்தியெடுத்துக்கொண்டிருந்தார். தலை வெடிக்கிறதாம். கால் இரண்டும் பஞ்சு மாதிரி. சித்தப்பாவுக்கும் நிலம் சுழன்றது. எல்லாவற்றையும் அள்ளிப் பின்னால் எறிந்துவிட்டு, சத்தி மணத்துக்காகக் கண்ணாடி எல்லாம் இறக்கி, மழை முகத்தில் அடிக்க அடிக்க வானை ஓட்டினார். பாதி வழியில் லேட்டன்ஸ்ரோன் வர சித்திக்குச் சுகம். தேத்தண்ணியும் கேட்டார். பேய் எல்லை தாண்டவில்லை என்று சித்தப்பா முடிவு செய்தார்.

அடுத்த நாளே ஐயரிடம் போனார்கள். ஐயர் டொக்டர் மாதிரி ஒவ்வொன்றாக விசாரித்தார். தலையிடியோ? ஓம். சத்தியோ? ஓம். கால் சோர்ந்ததோ? ஓம், ஐயா.

"பேய் அடிச்சிருக்கு."

ஜெனரேட்டருக்குக் கற்பூரம் காட்டினார்கள். ஐயர் மந்திரம் சொல்லி, 'ஓன்' பக்கம் திருப்பிய சுவிட்சைச் சுற்றி நூல் கட்டி, தேசிக்காயும் தொங்கவிட்டார். இனி அது கிட்ட வராது, வந்தாலும் தொடாது என்றார். சித்தப்பா பிளேஸ்டோவில் வீட்டுக்குப் பின்னால் வைத்து ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தார். ஒருக்காலும் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் நிற்பாட்டச் சொன்னார், அதுவும் மன்னிப்புக் கேட்காமல்.

*

இந்த இடத்தில் எப்போதும் சிரிப்பார்கள். இதுவரை நாலைந்து இடங்களில் சொல்லியிருக்கிறேன். எல்லா இடத்திலும் சிரித்தார்கள்.

அன்று யாரும் சிரிக்கவில்லை. நிசாந்தன் கொட்டாவி விட்டான். ஜெஸ்ரின் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தான். கதை தொடங்கியதிலிருந்தே இவர்கள் கொட்டாவிதான் விட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அதை இலக்கிய விமர்சனம் என்று எடுத்திருந்தேன்.

"மச்சான்," என்றான் ஜெஸ்ரின், மெதுவாக. "அது ஏன் வேற ஒண்டையும் தொடேல்லை?"

"எது?"

"பேய். ஆளைத் தொடேல்லை, பயப்படுத்தேல்லை. ஜெனரேட்டரை மட்டும்தானே நிப்பாட்டினது?"

"பேயிட்டக் கேளன்," என்றான் நிசாந்தன்.

"வானை வித்த மனுசியின்ர புருசன் எப்பிடிச் செத்தவராம்?"

"நித்திரையிலயாம். நல்ல சாவு. இந்த வானுக்குள்ளதான், இந்தக் கட்டிலிலதான்." நிசாந்தன் சாருஜா படுத்திருந்த கட்டிலைத் தட்டிக் காட்டினான். "சித்தப்பா சித்திக்கு இன்னும் சொல்லேல்லை."

"செத்த இரவு ஜெனரேட்டர் ஓடினதோ?"

நிசாந்தன் கதவுப் பக்கம் திரும்பினான். வெளியே அது ஓடிக்கொண்டிருந்தது. டுடுடுடு... டுடுடுடு... ஒரு தடங்கலும் இல்லாமல், நல்ல பிள்ளையாக.

"சித்தப்பா ஆக்களுக்குப் பிறகு ஆர் இதில படுத்தது?" என்று கேட்டேன். என் நாக்கு தடித்திருந்தது.

"ஒருத்தரும் இல்லை. நாங்கள்தான்."

ஜெஸ்ரின் என்னைப் பார்த்தான். அவன் முகம் நன்றாகச் சிவந்திருந்தது.

"கேற்றடியில நிண்ட கிழவன்... சத்தத்தைக் குறையுங்கோ எண்டு சொல்லேல்லையடா. நானா அப்பிடி விளங்கினனான். அவர் 'ஸொறி, ஸொறி' எண்டுதான் சொன்னவர். கையை இப்பிடிக் காட்டினவர்." பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து எதையோ திருப்பிக் காட்டினான். "உள்ள வந்து சொல்லுங்கோ எண்டன். ஏலாதெண்டு தலையாட்டினவர். காலில வீட்டுச் செருப்பு."

திடீரென்று ஜெஸ்ரின் கத்தினான்.

"புகை! ஜெனரேட்டர் புகை உள்ள வருது! அதுதான் அந்தாளைச் சாகடிச்சது. கதவைத் திற!"

நான் எழும்பினேன் என்று நினைத்தேன். பார்த்தால் தரையில் இருந்தேன். நிசாந்தன் கதவில் விழுந்து அதைத் திறந்தான். கூடாரத்துக்குள் இருந்து சூடாக ஒரு புகைக்காற்று முகத்தில் அடித்தது. ஜெஸ்ரின் தவழ்ந்து போய்ச் சிப்பைக் கிழித்துத் திறந்தான். நானும் நிசாந்தனும் சாருஜாவின் கையைப் பிடித்து இழுத்தோம். அவள் தலை கதவு நிலையில் அடிபட்டது. அவள் எழும்பவில்லை. சின்னச் சத்தத்துக்கே சண்டைக்கு வருகிறவள்... முனகக்கூட இல்லை.

ஈரப் புல்லில் அவளைக் கிடத்தினோம். ஜெனரேட்டர் இன்னும் ஓடியது. ஜெஸ்ரின் சுவிட்சோடு மல்லுக்கட்டினான்.

"திரும்புதில்லை! நூல் இறுக்கிப் பிடிச்சிருக்கு!"

"நூலை அறுக்காத," என்றான் நிசாந்தன், புல்லில் கிடந்தபடியே. "சித்தி என்னைக் கொல்லுவா."

"விசரா, இப்ப ஆர் உன்னைக் கொல்லுறது எண்டு பாத்தியே? நான் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போறவன், எனக்கு ஒண்டும் வராது."

ஜெஸ்ரின் குனிந்து நூலைப் பல்லால் கடித்தான். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். நூல் அறுந்தது. தேசிக்காய் புல்லில் உருண்டது.

டிக்.

ஜெஸ்ரினின் கை இரண்டும் இன்னும் நூலில்தான் இருந்தன.

லைற் போனது. சத்தம் போனது. மழை மட்டும். எங்களுக்கு நடுவில் யாரோ தொண்டையைச் செருமினார்.

"ஸொறி."

பிறகு புல்லில்... சளக்... சளக்... கேற் பக்கமாகப் போய் நின்றது.

நான் சாருஜாவின் கன்னத்தில் தட்டினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். நிசாந்தன் அழத் தொடங்கிவிட்டான். ஜெஸ்ரின் அவளுடைய மூக்கடியில் கை வைத்துப் பார்த்தான், கையை அங்கேயே வைத்திருந்தான்.

அவள் இருமினாள்.

இன்னொருமுறை இருமி, ஒரு பக்கமாகத் திரும்பி, எதையோ புல்லில் துப்பினாள். போன் வெளிச்சத்தில் பார்த்தோம். வெள்ளையாக, வட்டமாக, பாதி கரைந்து கிடந்தது.

"ஆரடா," என்றாள் சாருஜா, கண்ணைத் திறக்காமல், "என்ர வாய்க்குள்ள பெப்பர்மிண்ட் வைச்சது?"