தேங்காய் நின்ற இடம்

— ஊட்டு சாவிய எங்கிட்ட குடுக்காத கோவர்த்தனா. எனுக்கு கைநீட்டி வாங்க மனசு வர்ல.

— வேற யார்கிட்ட குடுப்பேன் ருக்மணி அண்ணி? பக்கத்து நெலம் உங்குளுது. மாட்டுக்கு மட்டும் உங்க தொட்டியில தண்ணி காட்டுங்க.

— திருப்பதிக்கு குடும்பத்தோட பொழைக்கப் போயே ஆவணுமா?

— கரும்பு நின்ன வாக்குல காஞ்சி பூட்ச்சி. கெணத்துல எறங்கி பாத்தேன், காலு கூட நனையல. இங்கயே குந்திக்கினு இன்னாத்த துன்றது?

— எல்லாம் எங்க போர்வெல்லால வந்த வெனைதான்.

— அத்த ஏன் இப்ப எடுக்கறீங்க.

— பேசி தீரணும்பா. பயிருக்குன்னு சொல்லித்தான் போர் போட்டோம். கரண்டு ப்ரீ ஆனதும் பயிர வுட்டுட்டு, திருப்பதி லாட்ஜிக்காரனுக்கு லாரி லாரியா தண்ணி வித்துக்கினு கீறோம். உங்க அண்ணன் மோட்டார நிறுத்தறதே இல்ல. நாம வுட்டா இன்னொருத்தன் உறிஞ்சிடுவான்றாரு.

— அவுரு சொல்றதும் நெசந்தான. பூமிக்குக் கீழ வரப்பு ஏது?

— அந்த எடத்த காட்டுனதே நீதான. நீரோட்டம் பாக்க உள்ளங்கையில தேங்காய படுக்க வெச்சிக்கினு நடந்த. வரப்பாண்ட வந்ததும் எழுந்து நின்னுச்சி. தட்சண கூட வாணான்ட்ட.

— உங்குளுக்குன்னதும் மனசாரப் பாத்தேன். என் கெணத்துக்கு வர்ற ஊத்து மேலயே நிக்கறேன்னு எனுக்குத் தோணல அண்ணி.

— நீ தெரியாம காட்டுன. நாங்க தெரிஞ்சே எறச்சோம். உன் கெணறு கீழ போய்க்கினே இருந்தத தெனமும் எட்டிப் பாப்பேன். பாத்துட்டு வந்து லாரிக்கு பைப்ப மாட்டுவேன்.

— அழாதீங்க. கொழந்தைங்க பாக்குது.

— நான் முடிவு பண்ணிட்டேன். நாளையில இருந்து லாரிக்கு ஒரு சொட்டு கெடையாது. உங்க அண்ணன்கிட்ட சண்ட போட்டாவது மோட்டார நிறுத்தறேன். மழ பேஞ்சா உன் கெணறு ஊறும். நீ போவாத.

— வாணாம் அண்ணி. நிறுத்திடாதீங்க.

— ஏம்பா, எங்க மேல அம்மாம் கோவமா?

— கோவம் இல்ல, சொல்றதுக்கு வெக்கமா கீது. அந்த லாட்ஜிலயேதான் டிரைவர் வேல கெடச்சிருக்கு. நாளைக்கி காலையில உங்க தண்ணிக்கு வர்ற லாரிய ஓட்டிக்கினு வரப்போறது நான்தான்.