முதல் நுரை

— என்னடா இது... கஞ்சியா?

— நுரை மச்சான்.

— நுரையா? கோழிக்கு வச்சாக்கூடத் திரும்பிப் பாக்காது.

— அதான் உங்களைத் தேடி வந்தேன்லா. எப்படின்னு நீங்க காட்டுங்க.

— தனேஷு, நாளைக்குக் கல்யாணம் உனக்கு. இன்னைக்கு என் குசினியில உக்காந்து சவுக்காரம் கரைச்சுக்கிட்டு இருக்க. அத்தை தேட மாட்டாங்க?

— அம்மாகிட்ட சொல்லிட்டேன். இந்தச் சிலிபின் பக்கம் வரைக்கும் போயிட்டு வாரேன்னு.

— என் வீட்டுக்குன்னு சொன்னியா?

— ...சிலிபின்னு சொன்னேன்.

— ம்.

— பசியாறிட்டீங்களா மச்சான்?

— பேச்ச மாத்தாத. இப்ப எதுக்கு உனக்கு நுரை?

— சாயந்திரம் நலங்கு இருக்குல்ல. நம்ம வீட்டு வழக்கம்தான் தெரியுமே. மாப்பிள்ளை கன்னத்துல முதல் நுரை அக்கா புருஷன் தடவணும். அப்புறம்தான் பார்பர் கத்தியவே எடுப்பாரு.

— தெரியும்.

— நீங்கதான் நலங்குக்கு வர மாட்டேன்னுட்டீங்க. நாளைக்கும் வரலன்னுட்டீங்க.

— ஷிப்ட் இருக்கு.

— கல்யாணத்தன்னைக்கு ஷிப்ட்... நீங்களா கேட்டு வாங்குன ஷிப்ட்.

— யாரு சொன்னா?

— யாரும் சொல்ல வேணாம், மூஞ்சில எழுதியிருக்கு. சரி, அது கெடக்கட்டும். உங்களுக்குப் பதிலா ஐயாவு மாமா தடவப் போறாரு. சித்தியவான்லேர்ந்து வர்றாரு. அவரு கைதான் தெரியுமே... தேத்தண்ணிக் கோப்பையத் தூக்குனாலே பாதி சட்டையில. பிரஷ்ஷ என் கண்ணுல விட்டுடுவாரு மச்சான். நானே நுரைய ரெடி பண்ணி வச்சுட்டா அவரு சும்மா தொட்டு வச்சாப் போதும். அதுக்குத்தான் ப்ராக்டிஸ்.

— டப்பா ஃபோம் வாங்கு. அமுக்குனா வந்துட்டுப் போகுது.

— பிரஷ்ஷும் சவுக்காரமும்தான் வேணுமாம். செல்லாயி பெரியம்மா ஆர்டர்.

— பெரியம்மா நெறைய ஆர்டர் போடுவாங்க.

— ...பரிசம் போட்டன்னைக்கு அவங்க பேசுனது எனக்கும் புடிக்கல மச்சான்.

— என்ன பேசிட்டாங்க. பொண்டாட்டி செத்தவன் மாப்பிள்ளை முகத்தத் தொடக் கூடாதுன்னாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சது அது. எனக்கு அது பெருசில்ல.

— அப்ப எது பெருசு?

— அத்தை பக்கத்துலயேதான் வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. ஒரு வார்த்தை பேசல... விடு. பிரஷ்ஷக் குடு.

— இந்தாங்க.

— மங்குக் கிண்ணத்துல எவ்வளவு தண்ணி ஊத்துன?

— ஒரு கோப்பை.

— முகத்துக்கா, மாடு குளிப்பாட்டவா?

— யூடியூப்ல ஒரு வெள்ளைக்காரன்...

— கீழ ஊத்து அத. பிரஷ்ஷ நனைச்சு, ஒரு உதறு உதறிட்டு, சோப்பு மேல சுத்தணும். தண்ணி பிறகுதான். சொட்டுச் சொட்டா. பிரமிளா அப்படித்தான் பண்ணுவா.

— அக்காவா?

— எனக்கு நுரை வராது. பொறுமை இல்லாதவன் கையில சோப்பு நிக்காதும்பா. ஞாயித்துக்கிழமைன்னா மங்க மடியில வச்சுக்கிட்டு அவளே கலக்கித் தருவா.

— அட... அப்ப உங்களுக்கும் தெரியாதா! நான் வாத்தியாரத் தேடி வந்தேன்னுல்ல நெனச்சேன்.

— பக்கத்துல இருந்து பாத்திருக்கேன்ல.

— நானும் பாத்துட்டுத்தான் கஞ்சி காய்ச்சினேன்.

— வாயக் கொற. மெதுவா கச்சாவ் பண்ணு.

— யாரை?

— சோப்பக் கலக்கச் சொன்னேன்டா. என்னைய நோண்டி கச்சாவ் பண்ணது போதும்.

— ஹிஹி... சுத்துறேன், சுத்துறேன்.

— இந்த வேக்காட்டுல எதுக்கு முழுக்கைச் சட்டை? மடிச்சு விடு, நனையுது பாரு.

— வேணாம் வேணாம்... வெயிலு மச்சான். மாப்பிள்ளை கறுத்துடக் கூடாதாம்.

— இனிமே கறுக்கறதுக்கு எடம் எங்கடா இருக்கு?

— மச்சான்!

— சுத்து.

— சுத்திக்கிட்டுத்தான் இருக்கேன். வரலயே... திரி திரியா மங்குலயே ஒட்டுது.

— எந்தத் தண்ணி இது?

— அந்த மூலையில இருக்கே, நீல வாளி.

— அட, அது மலைத் தண்ணிடா. பைப்புல தண்ணி வரலன்னு ஊத்துல போயி புடிச்சாந்தேன். சுண்ணாம்பு மலை. கால்சியம். சோப்பு திரிஞ்சிரும்.

— இந்தத் தண்ணியிலதான் தவுகே பயறு முளை குண்டு குண்டா வளருதுன்னு ஈப்போவே பீத்திக்கிது?

— தவுகே ஷேவ் பண்ணாதுடா.

— ஐயோ... மச்சான் ஜோக் அடிச்சுட்டாரு! எவ்வளவு நாளாச்சு.

— சும்மா இரு. மழைத்தண்ணின்னா வரும். முன்னாடி, கேட்டுக்குப் பக்கத்துல தோங் பீப்பா இருக்கு. நேத்துப் பேஞ்சதுல நெறஞ்சிருக்கும். மொண்டாரேன்.

— வேணாம் மச்சான்! வெளிய போகாதீங்க.

— ஏன்?

— இல்ல... வெயிலு. ப்ராக்டிஸ்தானே, இந்தத் தண்ணியே போதும்லா.

— தோங்குக்குப் போறதுக்குக் கொடையா புடிப்பாங்க? நகரு.

— மச்சான்... நானே போறேன்... மச்சான்! உங்களைத்தான்...

— ...நகருடா, மொண்டாந்தாச்சு. அடுப்பு கிட்ட நிக்காத.

— என்ன இவ்வளவு நேரம்? வெளிய யாராச்சும்...

— தோங்ல எலை மெதந்துச்சு. தள்ளி விட்டுட்டு மொண்டேன்.

— வேற ஒண்ணுமில்லயே?

— வேற என்ன இருக்கும்?

— ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. எதுக்குத் தண்ணிய சுட வைக்கிறீங்க?

— சூடு பட்டாத்தான் மயிர் எளகும்.

— ப்ராக்டிஸுக்கா?

— அந்த டிராயர இழு. அது இல்ல, கீழ. சின்னப் பெட்டி ஒண்ணு இருக்கும்.

— இதா? இது... பிரிக்கவே இல்லயே.

— பிரி.

— புது பிரஷ்ஷு. யாருது மச்சான்?

— என்னுதுதான். என் பொறந்தநாளைக்குன்னு சேலைக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்தா. எல்லாம் முடிஞ்சப்புறம் துணி எடுக்கும்போது கெடச்சுது.

— அப்ப வேணாம் மச்சான். இதப் போயி... பழசே போதும்.

— பிரிடா. டிராயர்ல பூட்டி வைக்கறதுக்கா வாங்குனா?

— மெத்து மெத்துன்னு இருக்கு. பூனைக்குட்டி மாதிரி.

— சுடுதண்ணியில போடு. கொஞ்சம் ஊறட்டும்... போதும். இப்படிக் குடு.

— நான்தானே கலக்கணும்? ப்ராக்டிஸு எனக்கு.

— நீ உக்காரு. அங்க இல்ல. நாற்காலியத் திருப்பிப் போடு. கெழக்கப் பாத்து.

— கெழக்கயா? எதுக்கு?

— வெளிச்சம் அங்கேர்ந்துதான் வருது. உக்காரு.

— சரி... சரி.

— கேக்குதா?

— என்ன?

— சத்தம். மொதல்ல சளசளன்னு இருக்கும். நுரை ஏற ஏற அடங்கும். பிரமிளா கண்ண மூடிக்கிட்டு கேப்பா. அடங்கிருச்சுன்னா போதும்பா, தண்ணிய நிறுத்திடுவா.

— இன்னும் கேக்குது.

— இரு... ஒரு சொட்டு.

— கேக்குது.

— இன்னும் ஒரு சொட்டு.

— ...மச்சான். அடங்கிருச்சு.

— ம். எட்டிப் பாரு.

— அடேயப்பா! வடைக்கு ஆட்டுன உளுந்து மாவுல்ல இது! மங்கக் கவுத்தாக்கூட விழாது.

— கவுத்துப் பாக்கலாம். உன் தலை மேல.

— வேணாம் வேணாம்... எவ்வளவு வெள்ளை.

— தாடையத் தூக்கு.

— மச்சான், காது வரைக்கும் தடவிட்டீங்க. ஐயாவு மாமாவே தேவல.

— பேசாத, வாயில போகும்... அந்தக் கன்னம்.

— ம்... இந்தாங்க.

— என்னடா அழுவுற? நுரை கரையுது.

— நான் எங்க அழுதேன். சோப்பு கண்ணுல பட்டுருச்சு.

— நான் இன்னும் கண்ணு பக்கமே வரல.

— மச்சான்... ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது. எந்திரிச்சுப் போகக் கூடாது.

— சொல்லு.

— இது ப்ராக்டிஸ் இல்ல. ஐயாவு மாமா சித்தியவான்லயேதான் இருக்காரு, வரவே இல்ல. பாருங்க, காலையிலயே எனக்குக் காப்புக் கட்டியாச்சு. காப்புக் கட்டுனவன் வாசப்படி தாண்டக் கூடாதுன்னு பெரியம்மா ஒரே கூப்பாடு. அம்மாதான் எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு, 'சுகுமாரன் கை மொதல்ல படட்டும், இல்லன்னா நலங்கே வேணாம்'னுட்டாங்க. நீங்க வர மாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் நாங்களே... மச்சான், இப்ப நீங்க தடவுனீங்கல்ல, அதுதான் முதல் நுரை.

— தெரியும்டா. சட்டை நனைஞ்சப்பவே காப்போட மஞ்சள் வெளிய ஊறிருச்சு. கேட்டுக்குப் போனா, வெளிய நிறுத்தியிருந்த உன் காடியில அத்தை. என்னப் பாத்ததும் சீட்டுக்குக் கீழ குனிஞ்சுட்டாங்க, கையில புடிச்சிருந்த நலங்குத் தட்டு மட்டும் மேல தெரியுது. பின்ன, வெறும் ப்ராக்டிஸுக்கு எவன்டா புது பிரஷ்ஷப் பிரிப்பான்? ஆடாம உக்காரு. நுரை காயறதுக்குள்ள அத்தைய உள்ள கூட்டியாரேன்.