கம்பளத்துக்கு ஒரு பதக்கம்

எங்கள் வயிற்றை வெட்டிச் சுருக்கி, வாழ்நாளை ஒட்டிப் பெருக்கிய அறுவை மருத்துவரும் இச்சங்கத்தின் தலைவருமாகிய பெருந்தகை அவர்களே! ஒலிபெருக்கிக்கு ஒருபோதும் ஓய்வு கொடுக்காத செயலாளர் அவர்களே! ஆன்றோர்களே! சான்றோர்களே! பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததையெல்லாம் வீணாக்க மனமின்றி வாயில் போட்டே வளர்ந்த தாய்மார்களே! துணைக்கு வருகிறேன் என்று வந்து, கடைசி வரிசையில் காகிதம் சரசரக்காமல் பிஸ்கட் தின்றுகொண்டிருக்கும் கணவன்மார்களே! இவர்கள் எல்லோருக்கும் மேலாக, மேடையின் நடுவில், செங்கம்பளத்தின் மீது, சிம்மாசனத்தில் அமர்ந்ததுபோல் வீற்றிருக்கும் எடைக்கருவி அவர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

என்ன சிரிப்பு அங்கே? எடைக்கருவிக்கு வணக்கம் சொன்னதற்கா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். இந்த அவையில் தலைவரைக் கண்டு நடுங்கியவர் எத்தனை பேர்? ஒருவருமில்லை. செயலாளரைக் கண்டு நடுங்கியவர்? பாவம், அவர் வீட்டில்கூட இல்லை. இதோ இந்தக் கண்ணாடித் தட்டைக் கண்டு நடுங்காதவர் யாராவது உண்டா? பிறகு யாருக்கு ஐயா முதல் மரியாதை?

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியை. பிறர் கையில் உயிரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து இருக்கையில் புன்னகையோடு உட்கார்ந்திருப்பது என் தொழில். அப்படிப்பட்ட நானே இந்த மேடைப்படியில் ஏறும்போது கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன். ஏன்? நம் சங்கத்தின் வழக்கம் அப்படி. ஆண்டு விழாவன்று, உடல் எடை குறைய வயிற்றில் அறுவை செய்துகொண்ட ஒவ்வொருவரும் இந்த மேடையில் ஏறி, இந்தத் தட்டின் மேல் நிற்க வேண்டும். செயலாளர் குனிந்து எண்ணைப் படிப்பார். இலக்கு எடையைத் தொட்டிருந்தால் கழுத்தில் பதக்கம். தொடாவிட்டால் "இன்னும் இத்தனை கிலோ பாக்கி! முயற்சி திருவினையாக்கட்டும்!" என்று ஊரறிய ஓர் அறிவிப்பு. உற்சாகப்படுத்துகிறார்களாம்!

சற்று முன் நானும் ஏறினேன். என் இலக்கு எழுபது. கருவி காட்டியதும் எழுபது! மயிரிழை கூடவுமில்லை, குறையவுமில்லை. நீங்கள் தட்டிய தட்டலில் கூரை அதிர்ந்தது. இதோ, கழுத்தில் பதக்கம் ஆடுகிறது. நன்றி கூறி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்துகிறவளா நான்?

அவையோரே! இந்த எழுபது என்கிற எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? அறுவைக்கு முன் மருத்துவமனையில் ஒரு பெண்பிள்ளை சுவரில் தொங்கிய அட்டையில் விரல் வைத்தாள். உயரம் கேட்டாள், விரல் மேலே போனது. வயது கேட்டாள், விரல் பக்கவாட்டில் நகர்ந்தது. விரல் நின்ற இடத்தில் எழுபது. அவ்வளவுதான், தீர்ந்தது கதை! என் எலும்பைக் கேட்டார்களா? என் வம்சத்தைக் கேட்டார்களா? என் அப்பா வழியில் அத்தைமார் வரிசையாக நின்றால் தெரு அடைபடும், அதையாவது கேட்டார்களா?

நூற்று இருபத்தெட்டில் தொடங்கினேன். நூறு வந்தது, நடனமாடாத குறை. தொண்ணூறு வந்தது, கண்ணாடி முன்னால் நின்று நானே எனக்கு வாழ்த்துச் சொன்னேன். எழுபத்தேழு வந்தது. வந்தது என்றால் வந்து உட்கார்ந்துவிட்டது! விருந்தாளியாக வந்த மாமனார் போல, போகிறேன் என்ற பேச்சே இல்லை. அளந்து தின்றேன், அசையவில்லை. நடந்து தேய்ந்தேன், நகரவில்லை. காலையில் கருவியில் ஏறுமுன் தோட்டைக் கழற்றினேன். வளையலைக் கழற்றினேன். கொண்டை ஊசியைக் கழற்றினேன். தலைக்குக் குளித்தால் ஈரம் கனக்குமே என்று குளிப்பதையே தள்ளிப்போட்டேன். மூச்சை வெளியே விட்டுவிட்டு ஏறினால் குறையுமோ என்றுகூடப் பார்த்தேன். சிரிக்காதீர்கள், நீங்களும் பார்த்தவர்கள்தான்! என் வீட்டுக்காரர் குளியலறைக் கதவைத் தட்டி, "என்னம்மா, உள்ள யார்கூட சண்டை?" என்று கேட்டார். என்னவென்று சொல்வேன்?

உள்ளே நான் அழுதுகொண்டிருந்தேன், ஐயா. மேடையில் சொல்ல வெட்கமில்லை. இத்தனை வலியும் பட்டு, இத்தனை தையலும் போட்டு, இதிலும் தோற்றுவிட்டேனே என்று அழுதேன்.

உறவினர்கள் சும்மா விட்டார்களா? அறுவைக்கு முன், "வாயக் கட்டினா போதாதா, வயித்த எதுக்கு வெட்டணும்?" என்றார் என் சித்தப்பா. அறுவைக்குப் பின், "வயித்த வெட்டியுமா இப்படி?" என்கிறார் அதே சித்தப்பா. ஐம்பத்தோரு கிலோ எங்கே போனது என்று மனிதர் கேட்கவே இல்லை. ஏழு கிலோ ஏன் போகவில்லை என்று மட்டும் கேட்கிறார். அவருடைய தொப்பை மேசையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

சரி, மேடைக்கு வருவோம். இன்று காலை என் வீட்டுக் கருவி எழுபத்தேழு காட்டியது. இப்போது இந்த மேடைக் கருவி எழுபது காட்டுகிறது. வீட்டிலிருந்து இந்த மண்டபத்துக்கு வருவதற்குள் ஏழு கிலோவை எந்தச் சந்துமுனையில் ஐயா இறக்கி வைத்தேன்? எனக்கு மட்டுமா இந்த அதிசயம்? இன்று மேடையேறிய அத்தனை பேருக்கும் பதக்கம்! ஒருவர்கூடப் பாக்கியில்லை! "சங்க வரலாறு காணாத சாதனை, தலைமையின் தனிப்பெரும் வெற்றி" என்று செயலாளர் கண் கலங்கினார். நானும் கலங்கினேன், குழப்பத்தில்.

செயலாளர் ஐயா, சற்று எழுந்து வாருங்கள். அந்தக் கருவியைக் கம்பளத்திலிருந்து தூக்கி, இதோ என் காலடியில், வெறும் பலகையில் வையுங்கள்.

என்ன சொல்கிறார் தெரியுமா? "மேடம், இப்ப வேணாமே, ஃபோட்டோ எடுத்தாச்சே" என்கிறார். எடுத்தால் என்ன ஐயா? வையுங்கள். ஆ, வைத்துவிட்டார். செருப்பு இல்லை, கையில் ஒன்றுமில்லை, இதோ ஏறுகிறேன். குனிந்து படியுங்கள். ஒலிபெருக்கியில் படியுங்கள். போன வருடம் அவ்வளவு கணீரென்று படித்தீர்களே, இப்போது தொண்டைக்கு என்ன வந்தது?

எழுபத்தேழு! கேட்டீர்களா? எழுபத்தேழு!

போன ஆண்டு இதே மேடை, வெறும் பலகை. இந்த ஆண்டு விழா பிரமாதமாக இருக்க வேண்டும் என்று செயலாளர் மெத்துமெத்தென்ற கம்பளம் விரித்து, அது போதாதென்று இரண்டாக மடித்தும் போட்டார். நாம் ஏற ஏறக் கருவி கம்பளத்துக்குள் புதைந்தது. அதன் வயிறு கம்பளத்தில் பட்டது. நம் கனத்தில் ஒரு பங்கை அந்தக் கம்பளம் சத்தமில்லாமல் தாங்கிக்கொண்டது. ஆகவே அவையோரே, நியாயம் என்று ஒன்று இருக்குமானால், இந்தப் பதக்கம் யாருக்குச் சேர வேண்டும்? இதோ, கழற்றுகிறேன். கம்பளத்துக்கே சூட்டுகிறேன்! இந்தச் சங்கத்தில் என் கனத்தை உண்மையாகத் தாங்கியது அது ஒன்றுதான்.

பொறுங்கள், பொறுங்கள்! முன் வரிசையில் யாரும் பதக்கத்தைக் கழற்ற வேண்டாம். கழற்றச் சொல்லவா இவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கத்துகிறேன்? நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். கம்பளத்தில் நின்றேன், வெற்றி வீராங்கனை! இரண்டடி தள்ளிப் பலகையில் நின்றேன், பாக்கி வைத்தவள்! இந்த இரண்டடிக்குள் என்னில் என்ன மாறியது? என் முழங்கால் மாறியதா? என் மூச்சு மாறியதா? நிறுத்தப்பட்ட சர்க்கரை மாத்திரை திரும்பி வந்துவிட்டதா?

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். பல ஆண்டுகளாக என் வண்டியில் எனக்கு மட்டும் சீட் பெல்ட் எட்டாது. கற்க வருபவரிடம் "முதல்ல பெல்ட் போடுங்க" என்று பாடம் நடத்திவிட்டு, என் பெல்ட்டைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, போட்டதுபோல் நடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அறுவை முடிந்து மாதங்கள் கழித்து ஒரு காலை, பழக்கதோஷத்தில் இழுத்தேன். 'கிளிக்' என்றது. ஐயா, அந்தச் சத்தத்தைப் போல ஒரு சங்கீதத்தை நான் கேட்டதில்லை! பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த இளைஞன் பயந்தே போய்விட்டான். "மேடம், நான் இன்னும் வண்டிய எடுக்கவே இல்லையே!" என்கிறான்.

அந்தக் கிளிக்குக்கு நீங்கள் பதக்கம் கொடுத்தீர்களா? அதைப் படிக்க இந்தக் கருவியில் எங்காவது இடம் இருக்கிறதா?

பின்னால் யாரோ "இதுக்கு எதுக்கும்மா இவ்ளோ கோபம்?" என்கிறீர்கள். சொல்கிறேன். என் நாத்தனாருக்காகக் கோபம்.

கேட்டதா? வாசலில் ஒரு கார் ஹாரன் அடித்ததே, அவள்தான்! என் பயிற்சி வண்டியில் உட்கார்ந்திருக்கிறாள். வெளியே கட்டியிருக்கும் ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பயப்படாதேம்மா, கொடுத்த வாக்கை மீற மாட்டேன். ஒலிபெருக்கி கையில் கிடைத்தால் உன் கதையைச் சொல்வேன் என்று காலையிலேயே அவளிடம் அனுமதி வாங்கிவிட்டேன். "சொல்லுங்க அண்ணி, ஆனா என் நம்பர மட்டும் சொல்லாதீங்க" என்றாள். சொல்ல மாட்டேன். அதைத்தான் போன வருடம் இந்த ஒலிபெருக்கி தெருமுனை வரைக்கும் சொல்லிவிட்டதே!

நானும் அவளும் ஒரே வாரத்தில் அறுவை செய்துகொண்டவர்கள், ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் முனகியவர்கள். அவள் மழலையர் பள்ளி ஆசிரியை. முன்பு குழந்தைகள் ஓடிவந்து கட்டிக்கொண்டால் பாதி இடுப்புக்குத்தான் கை எட்டும். எடை குறைந்த பிறகு ஒரு வாண்டு கட்டிக்கொண்டு, பின்பக்கம் தன் இரண்டு கையையும் கோத்துவிட்டு, "டீச்சர், எட்டிடுச்சு!" என்று கத்தினானாம். அன்று மாலை அவள் என் வீட்டு அடுப்படியில் நின்று அதை நடித்துக் காட்டிய அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அவளைத்தான் போன வருடம் இந்த மேடையில் ஏற்றினீர்கள். இலக்கைத் தொடவில்லை. பாக்கியைப் படித்தீர்கள். உற்சாகப்படுத்தக் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். அவள் சிரித்துக்கொண்டேதான் இறங்கினாள். அன்றோடு மருத்துவமனைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. "போனா ஏறச் சொல்வாங்க அண்ணி" என்றாள். சத்து மாத்திரை நின்றது. ரத்தப் பரிசோதனை நின்றது. முடி கொத்துக் கொத்தாக வந்தது. நகம் வெளுத்தது. நம்மைப் போல வயிறு சுருங்கியவர்களுக்கு அந்த மாத்திரை ஆயுள் முழுதும் வேண்டும் என்பது இங்கே யாருக்குத் தெரியாது? போன வாரம் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவள் சாக்பீஸோடு மயங்கிக் கீழே விழுந்தாள். குழந்தைகள் விளையாட்டு என்று நினைத்துக் கைதட்டியிருக்கிறார்கள்.

ஐயா, அவள் தோற்றது எடையிலா? இந்தத் தட்டுக்குப் பயந்து ஒதுங்கியவளை நாம் தொலைக்கப் பார்த்தோமே, அந்த எண்ணை யார் படிப்பது?

இன்று, "வாம்மா, தலைவர் இருக்கிறார், ஒரு வார்த்தை பேசு, நாளைக்கே பரிசோதனைக்குப் போகலாம்" என்று கெஞ்சி அழைத்து வந்தேன். வாசல் வரை வந்தவள், "அந்த மேடையப் பார்த்தாலே வயித்தக் கலக்குது அண்ணி" என்றாள். "நமக்கிருக்கிற துளியூண்டு வயித்துல கலக்கறதுக்கு என்னடி இருக்கு?" என்றேன். சிரித்தாள். ஆனால் இறங்கவில்லை. சாவியை மட்டும் நான் எடுத்து வந்துவிட்டேன். அதனால் ஹாரன் அடிக்கலாம், ஓடிப்போக முடியாது.

தலைவர் அவர்களே! உங்கள் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, என்னிடம் சொன்னீர்கள்: "எடை ஒரு இடத்துல வந்து நிக்கும்மா. பலருக்கும் நிக்கும். அது உங்க தப்பு இல்ல." அந்த ஒரு சொல்லால்தான் நான் குளியலறையை விட்டு வெளியே வந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு சொன்னதைக் கதவைத் திறந்து வைத்து ஏன் ஐயா சொல்லவில்லை? அறையில் மருந்தாக இருந்தவர் மேடையில் ஏன் தராசானீர்கள்? எடை பார்க்க வேண்டாம் என்றா சொல்கிறேன்? பாருங்கள், உங்கள் அறையில் பாருங்கள், எங்கள் காதில் மட்டும் சொல்லுங்கள். மேடையில் பார்த்தே தீர வேண்டும் என்றால் இன்று முதலில் தாங்கள் ஏறுங்கள், பிறகு செயலாளர், பிறகு அந்தப் புகைப்படக்காரர், பிறகு பிஸ்கட் கோஷ்டி! யாராவது கை தூக்குங்கள் பார்ப்போம்.

ஒரு கையும் காணோமே!

அடடா, தலைவர் எழுந்துவிட்டாரே. ஏறப்போகிறாரா? இல்லை... குனிகிறார். கருவியைத் தானே தூக்குகிறார். பார்த்து ஐயா, இடுப்பு! மேடையை விட்டு இறங்குகிறார். பக்கத்து அறைக்குள் கொண்டுபோய் வைத்து... கதவையும் சாத்திவிட்டார்.

ஐயா, உங்கள் கத்திக்கு ஒரு முறை நன்றி சொன்னவள், இதற்கு ஒன்பது முறை சொல்வேன்.

வண்டியில் இருப்பவளே, கேட்டாயா? மேடை காலி. கம்பளம் மட்டும்தான் கிடக்கிறது, அதுவும் பதக்கத்தோடு. உன்னை ஏறச் சொல்ல ஒருவருமில்லை. கதவைத் திற. வந்து ஒரு நாற்காலியில் உட்கார். அவ்வளவுதான் நான் கேட்பது.

ஹாரன் சத்தம் இல்லையே...

கார்க் கதவு சாத்துகிற சத்தம். எனக்குத் தெரியும், என் வண்டிக் கதவை இரண்டு தரம் சாத்த வேண்டும்.

யாரும் திரும்பாதீர்கள்! தயவு செய்து திரும்பாதீர்கள். போன வருடம் நாம் பார்த்த பார்வை ஒரு பிறவிக்குப் போதும். எல்லோரும் என்னையே பாருங்கள், நான் எழுபத்தேழு கிலோ, பார்க்க நிறைய இருக்கிறது! அவள் நடந்து வந்து சேரும்வரை நான் நன்றி கூறிக்கொண்டிருக்கிறேன். கருவி சுமந்த தலைவருக்கு நன்றி. கம்பளம் மடித்த செயலாளருக்கு, மெய்யாகவே, நன்றி. கைதட்டாமல் இருக்கக் கற்றுக்கொண்ட கைகளுக்கு நன்றி. ஒலிபெருக்கி கட்டிய தம்பிக்கு நன்றி, வெளியே கட்டியதற்கு இருமடங்கு நன்றி. விளக்குக்கு நன்றி, விசிறிக்கு நன்றி, நாற்காலிகளுக்கு நன்றி. தாய்மார்களே, மூன்றாவது வரிசையில் கொஞ்சம் வழிவிடுங்கள்...

உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு இனிப் பேச ஒன்றுமில்லை. வணக்கம்.