கூடாரத்துக்குள் ஒரு பங்கர்

முதல் வெடி. படுக்கிறேன். இரண்டாவது. சோற்றுச் சட்டி கவிழ்கிறது. "படு பிள்ளை! தலையைத் தூக்காதை!" என்னைப் பெற்ற ஐயா கத்துகிறார். கூடாரத் துணி படபடக்கிறது. பிறகு சத்தம் இல்லை. எங்கோ ஓர் ஆடு கத்துகிறது.

இது மன்னார் இல்லை. காங்கேயம் பக்கத்து மேட்டுக்காடு. தொண்ணூறாம் ஆண்டு, ஆவணி. போருக்குத் தப்பிக் கடல் தாண்டி வந்த எங்களுக்கு இங்கே கூடாரம் அடித்துக் கொடுத்திருந்தார்கள். வெடித்தது பக்கத்துக் கல்குவாரி. தினமும் பிற்பகலில் பாறை உடைக்கிறார்கள். தெரியும். தெரிந்தும் முகாமே மண்ணில் கிடந்தது.

காலையில் தண்ணீர் லாரிக்கு வரிசை. பிறகு அரிசிக்கு. வெயில் ஏறினால் கூடாரத்துக்குள் வேகும். வெளியே நிழல் கிடையாது. பிறகு வெடி. அதுதான் எங்கள் நாள்.

ஐயா பங்கர் வெட்டத் தொடங்கினார். ஊரில் வீட்டுக்கு வீடு இருந்த பதுங்குகுழிதான். இங்கே கூடாரத்துக்குள், என் பாய்க்குப் பக்கத்தில். ஊரில் என்றால் சுவருக்குப் பனங்குற்றி அடுக்குவோம். இங்கே வெறும் செம்மண். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்துக் கூடாரக்காரர்கள் மண்வெட்டியை இரவல் கேட்டார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. அம்மாவும் தம்பியும் பங்கருக்குள் இருந்தே செத்தவர்கள். அதையும் சொன்னேன். ஐயா வெட்டிக்கொண்டே இருந்தார். எனக்கென்று மிஞ்சியவர் அவர் ஒருவர்தான்.

நாங்கள் படும் பாட்டைப் பார்த்து மனம் பொறுக்கவில்லை, குவாரிக் காவலாளி ஆறுமுகத்துக்கு. வேட்டுக்கு முன் முகாம் வரை வந்து விசிலடிப்பார். "ஏனுங்க, வேட்டுப் போடறோமுங்க. கல்லு ஒடைக்கறதுதானுங்க. பயந்துக்காதீங்க." நல்ல மனிதர். விசில் கேட்டதும் ஐயா குழிக்குள் இறங்குவார்.

ஐப்பசி. விடாத மழை. குழியில் தண்ணீர். ஐயா வாளியால் இறைத்தார். "இறங்காதேங்கோ ஐயா, மண் இளகிக் கிடக்கு" என்றேன். கேட்கவில்லை.

மழை விட்ட பிற்பகல். மழையால் லாரி பிந்தித்தான் வந்தது; தண்ணீர் வரிசையில் நிற்கிறேன். விசில். "பிள்ளை, ஓடி வா! இறங்கு!" ஐயாவின் குரல் வரிசை வரை கேட்கிறது. வேட்டு. நிலம் அதிர்கிறது. குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். கூடாரம் நின்றிருந்தது. குழி இல்லை. ஈர மண் மட்டும். கையால் தோண்டினேன். ஆறுமுகமும் தோண்டினார். "பயந்துக்காதீங்கன்னுதானுங்க சொன்னேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

மன்னாரில் நாங்கள் நான்கு பேர். ஒரு வீடு, ஒரு பசு. படகில் ஏறியது இரண்டு பேர். அடுத்த அரிசி வரிசையில், எத்தனை பேருக்கு என்று கேட்டார்கள்.

ஒருத்திக்கு என்றேன்.